மென்பொருள் கடைசியில்தான்: சிறிய நிறுவனத்தில் மின்னிலக்கத் திறனையும் விரயக் குறைப்பையும் ஒன்றாகத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது பேர் முதல் எண்பது பேர் வரை வேலை செய்யும் சிங்கப்பூர் நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விருந்துகளுக்குச் சமைத்து அனுப்பும் சமையற்கூடம், நான்கைந்து லாரி வைத்திருக்கும் சரக்கு நிறுவனம், துப்புரவு ஒப்பந்தக்காரர், துவாஸ் பக்கம் ஒரு சிறிய பட்டறை போன்ற இடங்கள். இப்படிச் சில இடங்களில் மின்னிலக்கக் கருவிகளைப் பழக்கிக் கொடுத்து, மின்சாரமும் டீசலும் உணவும் வீணாவதைக் குறைக்கக் கூடவே இருந்து உழைத்திருக்கிறேன்.

நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை வரிசை மாறியதால் வந்தவை. முதலில் மென்பொருள் வாங்குகிறார்கள். அப்புறம் ஊழியர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். எந்தப் பிரச்சினைக்காக வாங்கினோம் என்று முதலாளி யோசிப்பது கடைசியில்தான். கீழே உள்ள வரிசை முதலாளியிடம் தொடங்கி, கணக்கு, கைப்பழக்கம், புது யோசனை என்று போய் மென்பொருளில் முடிகிறது. நிதானமாகச் செய்தால் ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகள். எரிவாயு, தண்ணீர் ரசீதுகளும் வேண்டும். லாரி இருந்தால் டீசல் அட்டைக் கணக்கு. குப்பை அள்ளும் நிறுவனம் அனுப்பும் மாத ரசீது. பன்னிரண்டு மாதம் ஏன் என்றால் தீபாவளி, நோன்புப் பெருநாள், ஆண்டிறுதி என்று நம் ஊர் வியாபாரம் மாதத்துக்கு மாதம் மாறும். மூன்று மாத ரசீதை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

அரசாங்க இணையச் சேவைகளில் நிறுவனத்தின் சார்பில் நுழைய உதவும் கார்ப்பாஸ் கணக்கை யார் நிர்வகிக்கிறார் என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள். எட்டாவது படியில் வரும் மானிய விண்ணப்பம் அந்த வழியாகத்தான் போகும். வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரிலேயே அது இருந்ததால் விண்ணப்பம் வாரக்கணக்கில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவருக்கு வாரம் நான்கு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். இருக்கிற வேலையோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னால் இரண்டாவது மாதம் நின்றுவிடும். அந்த நான்கு மணி நேர வேலையை வேறு யார் செய்வார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்து, எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

## 1. முதலாளி தன் கையால் முதல் கணக்கைப் போட வேண்டும்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள். அலுவலகத்தில் இளைய ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டு, "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்க, பார்த்துக்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை நல்ல அட்டவணை தயாரிக்கும். ஆனால் சமையற்கூடத்தின் தலைமைச் சமையல்காரரிடம் போய் ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

எனவே முதலாளியோ செயல்பாட்டு மேலாளரோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, 12 மாத ரசீதுகளையும் பகிர்ந்த அட்டவணை ஒன்றில் தானே தட்டி ஏற்ற வேண்டும். கூகல் ஷீட் போதும். ஒரு நெடுவரிசையில் மாதம், அடுத்ததில் மின்சார யூனிட், அடுத்ததில் டீசல் லிட்டர், அடுத்ததில் குப்பைச் செலவு, கடைசியில் அந்த மாதம் எத்தனை உணவு அனுப்பினோம் அல்லது எத்தனை நடை ஓட்டினோம்.

காரணம் இரண்டு. எண்களைக் கையால் ஏற்றும்போதுதான் "இந்த மாதம் ஏன் இவ்வளவு?" என்ற கேள்வி எழும். அச்சிட்ட அறிக்கை அந்தக் கேள்வியை எழுப்பாது. இரண்டாவது, நாளைக்கு ஊழியர்களைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லப் போகிறோம். அதே அட்டவணையை முதலாளியும் திறக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் முதலாளி, "எனக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க" என்று ஒரு முறைதான் சொன்னார். இரண்டே வாரத்தில் மேற்பார்வையாளர்கள் எல்லாரும் பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு வரைபடத்தைப் படிக்க, சரியான கேள்வி கேட்க, எந்தத் தரவை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யத் தெரிந்தால் போதும். இந்த மூன்றையும் இரண்டு மாதத்தில் பழகிவிடலாம்.

## 2. ஒரே ஒரு விரயத்தைத் தேர்ந்தெடுங்கள்

"நாங்கள் பசுமை நிறுவனமாக மாறப் போகிறோம்" என்று தொடங்கினால் யாருக்கும் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று தெரியாது. ஒரு விரயத்தைத் தேர்ந்தெடுங்கள். அது பணமாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாரா வாரம் அளக்க முடிய வேண்டும். உங்கள் ஊழியர்களின் கைகளால் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்.

சமையற்கூடம் என்றால் திரும்பி வரும் உணவு. சரக்கு நிறுவனம் என்றால் வெறும் வண்டியாகத் திரும்பும் நடையும், நின்ற இடத்தில் ஓடும் என்ஜினும். பட்டறை என்றால் காற்றழுத்தக் குழாயில் ஒழுகும் காற்று. காற்று ஒழுகினாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தக் காற்றை அழுத்த அமுக்கி (கம்ப்ரசர்) மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும்.

இங்கே புதியவர்கள் சறுக்குவது, கைக்கு எட்டாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில். கூரையில் சூரியத் தகடு நல்ல விஷயம்தான். ஆனால் வாடகைக் கட்டடத்தில் அது உங்கள் கையில் இல்லை. அதற்காகக் காத்திருந்தால் ஊழியர்கள் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

## 3. நான்கு வாரம் எதையும் மாற்றாமல் அளவெடுங்கள்

பொறுமை வேண்டிய கட்டம் இது. பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்த உடனே கை பரபரக்கும். ஆனால் இப்போதைய நிலையை அளக்காமல் மாற்றினால், மூன்று மாதம் கழித்து, "உண்மையிலேயே குறைந்ததா?" என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். செய்த வேலையால் வகுத்துப் பாருங்கள். ஒரு சமையற்கூடம் மார்ச் மாதம் 30,000 உணவு அனுப்பி 18,000 யூனிட் மின்சாரம் செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் உணவுக்கு 600 யூனிட். தீபாவளி மாதம் 36,000 உணவு, 20,000 யூனிட். ரசீது கூடியிருக்கிறது, ஆனால் ஆயிரம் உணவுக்கு ஏறக்குறைய 556 யூனிட்தான். அதாவது நிலைமை மேம்பட்டிருக்கிறது. இந்த வகுத்தலைச் செய்யாததால், நன்றாக வேலை பார்த்த குழு திட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கரிம வெளியேற்றக் கணக்கும் இதே அட்டவணையில் வந்துவிடும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. துல்லியமான எண்ணை எரிசக்திச் சந்தை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ. ஆக, 18,000 யூனிட் என்றால் 7.2 டன், 1,500 லிட்டர் டீசல் என்றால் ஏறக்குறைய 4 டன்.

சிறிய நிறுவனத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கரிம வரியை நேரடியாகக் கட்டுவது ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் வெளியேற்றும் பெரிய ஆலைகள்தான். ஆனால் மின்நிலையங்களும் அதில் அடக்கம். அந்த வரி 2024, 2025ஆம் ஆண்டுகளில் டன்னுக்கு 25 வெள்ளி, 2026, 2027ஆம் ஆண்டுகளில் 45 வெள்ளி. அந்த 20 வெள்ளி உயர்வு முழுவதும் கட்டணத்தில் ஏறினால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.8 காசு. 18,000 யூனிட் செலவழிக்கும் இடத்தில் மாதம் 144 வெள்ளி. 2030க்குள் இது 50 முதல் 80 வெள்ளி வரை போகும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அது போக, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் வெளியேற்றத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. அவர்களுக்குப் பொருளோ சேவையோ தருபவர்களிடமும் அந்தக் கேள்வி வந்து சேர்கிறது.

இன்னொரு விஷயம். உங்கள் இடத்தில் அரைமணிக்கு ஒரு முறை பதிவு செய்யும் மின்மானி இருந்தால், அந்தத் தரவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, இரவு 2 மணிக்கு எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு சமையற்கூடத்தில் அது பகல் அளவில் ஏறக்குறைய பாதி இருந்தது. தேடிப் போனால், புகைபோக்கி விசிறியை யாரும் அணைப்பதே இல்லை. உறைகலன் ஒன்று காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளி செலவில்லாமல் சரி செய்தோம். ரசீதில் இருக்கும் மாத மொத்தம் இதை ஒருநாளும் காட்டியிருக்காது.

## 4. யாருக்கு என்ன தெரியும் என்று செய்ய வைத்துப் பாருங்கள்

"உங்கள் மின்னிலக்கத் திறனை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுங்கள்" என்று படிவம் கொடுக்காதீர்கள். அடக்கமானவர்கள் குறைத்துப் போடுவார்கள், பயந்தவர்கள் கூட்டிப் போடுவார்கள்.

அதற்குப் பதில், வேலை நடக்கும் இடத்திலேயே, ஒவ்வொருவரையும் தனியாக, அவருடைய கைப்பேசியில் ஐந்து காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒரு பொருளைப் படமெடுத்துச் சரியான வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது. கியூஆர் குறியீட்டை வருடி ஒரு படிவத்தைத் திறப்பது. பகிர்ந்த அட்டவணையில் இன்றைய வரிசையைக் கண்டுபிடித்து ஓர் எண்ணை இடுவது. எளிய வரைபடத்தைப் பார்த்து எந்த வாரம் அதிகம் என்று சொல்வது. வங்கியிலிருந்து வந்ததுபோல் இருக்கும் ஒரு மோசடிக் குறுஞ்செய்தியைக் காட்டினால் சந்தேகப்படுவது. ஆளுக்குப் பத்து நிமிடம் போதும்.

தனியாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் வெட்கம்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர் இருபது வயதுப் பிள்ளைகள் முன்னால் தடுமாற விரும்ப மாட்டார். அதைத் தவிர்க்க, "எனக்கு இதெல்லாம் வேணாம் தம்பி" என்று ஒதுங்கிக்கொள்வார். நாம் அதை ஆர்வமின்மை என்று எழுதிவைத்துவிடுவோம்.

ஒரு சமையற்கூடத்தில் காய்கறிப் பகுதியில் இருந்த அக்கா ஒருவர், "எனக்குப் போனே தெரியாது" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் தினமும் ஊரில் இருக்கும் பேத்தியிடம் காணொளியில் பேசுகிறார், குரல்பதிவு அனுப்புகிறார், மளிகைக்குப் பணம்கூடக் கைப்பேசியில்தான் செலுத்துகிறார். அவருக்குத் தெரியாதது ஆங்கிலப் படிவம் மட்டுமே. தமிழில் மூன்று சொல் எழுதி ஒட்டியதும் அந்தப் பகுதியில் தவறாமல் பதிவு செய்தவர் அவர்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சமூக ஊடகத்தில் கெட்டிக்காரராக இருக்கும் அலுவலக ஊழியருக்கு, எக்செல்லில் ஒரு நெடுவரிசையை வாரவாரியாகக் கூட்டத் தெரியாமல் இருக்கலாம். வயதை வைத்துத் திறனை ஊகிக்காதீர்கள்.

## 5. பதிவுப் படிவத்தை அதை நிரப்பப் போகிறவரோடு சேர்ந்து செய்யுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். நான் பார்த்தவரையில், தோற்றுப்போன முயற்சிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தோற்றன.

நான் முதன்முதலில் தயாரித்த உணவு விரயப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. தேதி, நேரம், உணவு வகை, எடை, காரணம், வாடிக்கையாளர் வகை என்று நீண்டது. அலுவலகத்தில் பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக் கட்டங்கள் காலி. இரவு பத்தரை மணிக்கு, ஈரக் கையோடு, கடைசி லாரியிலிருந்து பாத்திரம் இறக்கும் ஒருவர் பதினான்கு கட்டம் நிரப்ப மாட்டார். நிரப்ப வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததுதான் தவறு.

மூன்று கட்டம் போதும். என்ன உணவு, எத்தனை கிலோ, ஏன் மிஞ்சியது. தேதியும் நேரமும் தானாகவே பதிவாகும். உணவின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாமல் படத்தைத் தொடும்படி வையுங்கள். காரணத்துக்கு நான்கே தெரிவுகள். இருபது நொடிக்குள் முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் ஒரு கட்டத்தை எடுங்கள்.

கருவியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தராசுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், நீர் தெறிக்காத உறைக்குள் ஒரு கைக்கணினி இருக்க வேண்டும். அலுவலக மேசையில் வைத்தால் யாரும் நடந்து வர மாட்டார்கள். இதையெல்லாம் முடிவு செய்யும்போது அந்த வேலையைச் செய்பவர் கூடவே நிற்க வேண்டும். "கையுறையோட தொட்டா வேலை செய்யாதே" என்பதை அவர்தான் சொல்வார், நமக்குத் தோன்றாது.

மொழி. தமிழ், சீனம், மலாய், வங்காளம் என்று உங்கள் ஊழியர்கள் எந்த மொழியில் பேசுகிறார்களோ அதில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி தரும் சொல்லை அப்படியே போடாதீர்கள். "எஞ்சிய உணவு" என்று எழுதியதைப் பார்த்துத் தயங்கியவர்கள் "மிச்சம்" என்று மாற்றியதும் உடனே புரிந்துகொண்டார்கள்.

அடுத்தது தண்டனை பற்றியது. பதிவு தொடங்கும் நாளன்று முதலாளி எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்: இந்த எண்ணை வைத்து யாரையும் திட்டவோ சம்பளத்தில் கை வைக்கவோ மாட்டேன். சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். ஓர் இடத்தில் முதல் வாரம் ஒரு குழு 38 கிலோ மிச்சம் என்று உண்மையாகப் பதிவு செய்தது. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கோபித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து எல்லா நாளும் "2 கிலோ" என்றே வந்தது. அந்த அட்டவணையைத் திரும்ப நம்பும் நிலைக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது. மேற்பார்வையாளரும் தலைமைதான் என்பதை மறந்துவிடுகிறோம். முதலாளி மாதம் ஒரு முறை பேசுவார், மேற்பார்வையாளர் தினமும் பேசுவார். அவரிடம் தனியாக உட்கார்ந்து இதை விளக்கிய பிறகே பதிவைத் தொடங்குங்கள்.

லாரிகளில் இடங்காட்டி (ஜிபிஎஸ்) பொருத்துவதாக இருந்தால், எதற்காக, யார் பார்ப்பார், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று ஓட்டுநர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனத்துக்கு ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரி இருக்க வேண்டும், நிறுவனம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும். அவரையும் இந்தக் கட்டத்திலேயே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

## 6. பயிற்சி: முதலில் வேலையிடத்தில், வகுப்பு அப்புறம்

வேலை தொடங்கும் முன் இருபது நிமிடம், வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். ஒரு நாளில் ஒரே காரியம்தான். படிவத்தைத் திறப்பது ஒரு நாள். தவறாக இட்ட எண்ணைத் திருத்துவது ஒரு நாள். திருத்துவதைத் தனியாகக் கற்றுக்கொடுங்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தொடவே விடாமல் வைத்திருக்கிறது. "அழிச்சுட்டு மறுபடி போடலாம்" என்று தெரிந்ததும் கை தானாகத் துணியும்.

சொல்லிக்கொடுப்பவர் கூட வேலை பார்ப்பவராக இருந்தால் நல்லது. ஒரு பகுதிக்கு ஒருவரைத் தயார் செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் போன பிறகு எழும் சந்தேகத்துக்கு அவர்தான் பதில்.

வெளி வகுப்புகளுக்கு, திறன் வளர்க்க அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இருக்கிறது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 500 வெள்ளித் தொடக்கத் தொகை. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி, தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்குப் பயன்படுத்தலாம். தங்கள் கணக்கில் இவ்வளவு இருப்பது பல ஊழியர்களுக்குத் தெரியவே தெரியாது. சிங்பாஸ் வழியாகத் திறந்து காட்டுவதையே ஒரு நாள் பயிற்சியாக வையுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது. எனவே அவர்களுக்கான பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கத் திட்டமிட வேண்டும். படிவத்தை நிரப்புபவர்களில் பாதிப் பேர் அவர்களாக இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டால் தரவும் பாதிதான் வரும்.

வகுப்புக்கு எப்போது அனுப்புவது? கற்றுக்கொண்டதை அடுத்த வாரமே பயன்படுத்த ஒரு வேலை காத்திருக்கும்போது. மேற்பார்வையாளரிடம் நான்கு வாரத் தரவு சேர்ந்துவிட்டது, அதைச் சுருக்கிப் பார்க்கத் தெரியாமல் திணறுகிறார் என்றால், அப்போது தரவுப் பகுப்பாய்வு வகுப்புக்கு அனுப்புங்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கி வைப்பதில் பயனில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

## 7. வாரம் பதினைந்து நிமிடம்: புத்தாக்கம் பிறக்கும் இடம்

புத்தாக்கம் என்றதும் தனிக் குழு, தனி அறை என்று யோசிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்த அளவு நிறுவனங்களில் அது பிறப்பது வாராந்திரப் பதினைந்து நிமிடத்தில்தான். வேலையிடத்திலேயே நின்றபடி, அதே அட்டவணையைச் சுவரில் காட்டி, முதலாளியோ மேலாளரோ மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்த வாரம் எது மாறியது? ஏன் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த இரண்டு வாரம் எதை முயன்று பார்க்கலாம்?

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முதல் மூன்று வாரம் யாரும் பேச மாட்டார்கள். அது இயல்பு. அந்த மௌனத்தை முதலாளி தன் யோசனையால் நிரப்பிவிட்டால் நான்காவது வாரமும் யாரும் பேச மாட்டார்கள்.

முன்பு சொன்ன அந்தக் காய்கறிப் பகுதி அக்கா நான்காவது வாரம் சொன்னார்: "மதியக் கூட்டத்துக்குப் போற சோறு திரும்பி வருது, ராத்திரி விசேஷத்துக்குப் போறது வரல. ரெண்டுக்கும் ஒரே அளவுதானே அளக்குறோம்?" அட்டவணையில் பார்த்தால் உண்மைதான். வாடிக்கையாளரிடம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு வந்த இடத்தில், என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்பதையும் முன்பதிவுப் படிவத்தில் சேர்த்தார்கள். மதிய அலுவலகக் கூட்டங்களுக்கு அளவைக் குறைத்து இரண்டு வாரம் முயன்றார்கள். திரும்பி வரும் சோறு கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. அவர் பல ஆண்டுகளாக அதைக் கவனித்து வந்திருக்கிறார். எண்கள் கையில் வந்த பிறகுதான் சொல்லத் துணிந்தார்.

முயற்சிகளுக்குச் சில விதிகள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அளவையும் குறைத்து, பாத்திரத்தையும் மாற்றி, லாரி நேரத்தையும் மாற்றினால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது. இரண்டு வாரம்தான் கெடு. சிறிய தொகை ஒன்றை, சொல்லப் போனால் 200 வெள்ளி வரை, மேற்பார்வையாளரே அனுமதி கேட்காமல் செலவழிக்க விடுங்கள். கதவு இரப்பர் மாற்றவோ கூடுதல் தட்டு வாங்கவோ அது போதும்.

ஒருவர் சொன்ன யோசனைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது, காரணம் இது என்று சொல்லுங்கள். பதில் வராத யோசனைதான் அந்த ஊழியரின் கடைசி யோசனையாகிவிடும்.

## 8. இப்போது மென்பொருளைப் பாருங்கள்

மூன்று நான்கு மாதத் தரவும் பழகிய கைகளும் இருக்கும்போது, எந்த மென்பொருள் வேண்டும் என்று விற்பனையாளர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மூன்று கட்டம், எந்த மொழி, எந்த அறிக்கை என்று உங்களுக்கே தெரியும். அதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

எந்த வகைத் தீர்வு பொருந்தும் என்று பார்க்க, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் இணையத் தளத்தில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான தொழில்நுட்ப ஆலோசனைச் சேவை இருக்கிறது. தமிழில் பேசி விளங்கிக்கொள்ள விரும்புபவர்கள் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் சிறிய, நடுத்தர நிறுவன நிலையத்தை அணுகிக் கேட்டுப் பாருங்கள்.

உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் (பிஎஸ்ஜி) என்ற அரசாங்கத் திட்டம் முன்அங்கீகாரம் பெற்ற மென்பொருளுக்கும் கருவிக்கும் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை தருகிறது. நிறுவனம் சிங்கப்பூரில் பதிவாகி இயங்க வேண்டும், சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசிகளின் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும், வாங்குவதை இங்கேயே பயன்படுத்த வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் மானியத்தின் இணையத் தளத்தில் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் பணத்தை இழப்பது இங்கேதான்: விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அல்லது முன்பணம் கட்டுவது. "இந்த மாதத்தோடு விலைக்கழிவு முடிகிறது" என்று விற்பனையாளர் அவசரப்படுத்துவார். கையெழுத்திட்டுவிட்டால் மானியத் தகுதி போய்விடும். விலைப்பட்டியலை மட்டும் வாங்குங்கள், விண்ணப்பியுங்கள், அப்புறம் மற்றவை. இன்னொன்று, மானியம் பின்னால்தான் திரும்பி வரும். முழுத் தொகையை நீங்கள் முதலில் கட்டியிருக்க வேண்டும். அந்தக் காசோட்டத்தை முன்பே கணக்கில் வையுங்கள்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: எங்கள் தரவை எப்போது வேண்டுமானாலும் எக்செல் கோப்பாக எடுக்க முடியுமா? ஒப்பந்தம் முடிந்தால் தரவு யாரிடம் இருக்கும்? மின்விலைச்சீட்டுக் கட்டமைப்பான இன்வாய்ஸ்நவ்வோடு இணையுமா? விளக்கக் காட்சியை முதலாளி அறையில் பார்க்காதீர்கள். பதிவு செய்யப் போகும் இருவரிடம் கொடுத்து அரை மணி நேரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

## 9. செயற்கை நுண்ணறிவு, அறிக்கை

செயற்கை நுண்ணறிவை வைத்து அடுத்த வாரத் தேவையைக் கணிக்கலாம்தான். ஆனால் "2 கிலோ, 2 கிலோ" என்று இருக்கும் தரவில் எந்தக் கணிப்பும் நிற்காது. ஆறு மாத நம்பகமான பதிவு சேர்ந்த பிறகு முயலுங்கள். வாடிக்கையாளர் பெயர், எண், ஊழியர் சம்பளம் ஆகியவற்றைப் பொதுக் கருவிகளில் ஒட்டக் கூடாது என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வாடிக்கையாளர் நிறுவனம் வெளியேற்றக் கணக்குக் கேட்டால் ஒரு பக்கம் போதும். மின்சாரம், எரிபொருள், அவற்றுக்குப் பயன்படுத்திய பெருக்கெண் (யூனிட்டுக்கு 0.4 கிலோ என்பது போல), அது எந்த ஆண்டுக்குரியது, ஆயிரம் உணவுக்கு அல்லது நூறு நடைக்கு எவ்வளவு. "முழுக்கப் பசுமையான நிறுவனம்" என்று எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத சொல் ஒன்று இருந்தால் நிரூபிக்க முடிந்த எண்ணையும் சந்தேகப்படுவார்கள். ரசீதுகளைக் கோப்பில் வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

## 10. பொறுப்பாளரை விடுப்பில் அனுப்பிப் பாருங்கள்

ஆறாவது மாதம் பொறுப்பாளரை இரண்டு வாரம் விடுப்பில் அனுப்புங்கள். கைப்பேசியில் கூப்பிடக் கூடாது. அவர் இல்லாதபோது பதிவுகள் வருகின்றனவா, வாராந்திரப் பதினைந்து நிமிடம் நடக்கிறதா, முதலாளி அட்டவணையைத் திறக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

பதிவு நின்றுபோனால் ஐந்தாவது படிக்குத் திரும்புங்கள், படிவம் இன்னும் கனமாக இருக்கிறது. பதிவு வருகிறது ஆனால் கூட்டம் நடக்கவில்லை என்றால் முதல் படிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்திருந்தால், திரும்பி வரும் பொறுப்பாளரோடு உட்கார்ந்து அடுத்த விரயத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்த முறை எதைத் தேர்வது என்று ஊழியர்களிடமே கேட்டுவிடலாம்.